25 கிலோமீட்டருக்குள் ஒரு கோடை

(மதுரையில், கோடை விடுமுறைக்கு முன்னதாக நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பரீட்சை முடியப் போகிறது. வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "இந்த வருஷம் லீவுக்கு எங்கே போறோம்?" சில வீடுகளில் இதற்கு விடை உண்டு. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு. பல வீடுகளில் விடை இல்லை. அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அக்காவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பாட்டிக்கு முட்டிவலி. ஆக, "இந்த வருஷம் எங்கேயும் போகலை" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது.

அப்படித் தீர்ப்பு வந்த வீடுகளுக்காகத்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஊரைவிட்டுப் போகாமல் விடுமுறையைக் கொண்டாடுவது எப்படி?' இந்த மண்டபத்தை நடுவில் வைத்து 25 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறேன். அந்த வட்டத்தைத் தாண்டி ஓர் இடத்தையும் இன்று நான் சொல்லப் போவதில்லை.

கொடைக்கானல் போவதென்றால் நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? முன்கூட்டியே தேதி குறிக்கிறோம். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுக்கிறோம். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று நாலு பேரைக் கேட்கிறோம். புளியோதரை கட்டுகிறோம். வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

உள்ளூரில் விடுமுறை என்றால் என்ன செய்கிறோம்? ஒன்றுமே செய்வதில்லை! தேதி கிடையாது. திட்டம் கிடையாது. யாரையும் எதுவும் கேட்பது கிடையாது. பிள்ளைகள் பத்து மணிக்கு எழுகிறார்கள், செல்பேசியை எடுக்கிறார்கள், அதிலேயே மதியமாகி, அதிலேயே இருட்டிவிடுகிறது. மே மாதக் கடைசியில் நாமே சலித்துக்கொள்கிறோம்: "இந்த ஊர்ல என்ன இருக்கு?"

நண்பர்களே, குறை ஊரிடமா இருக்கிறது? கொடைக்கானலுக்கே போய், திட்டமே இல்லாமல், வெளியே கிளம்பாமல், அறைக்குள் படுத்துச் செல்பேசி பார்த்தால் அதுவும் சலிக்கத்தானே செய்யும்? நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. தூரத்து ஊருக்குத் தருகிற மரியாதையைச் சொந்த ஊருக்கும் தாருங்கள். தேதி குறியுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

மரியாதை என்றேனே, அதில் நாலு விஷயம் உண்டு.

முதலாவது, தேதி. "ஒரு நாள் போகலாம்" என்றால் அந்த ஒரு நாள் வரவே வராது. நாள்காட்டியில் வட்டம் போட வேண்டும்.

இரண்டாவது, ஒரு கேள்வி. எங்கே போனாலும் பிள்ளைகள் ஒரு கேள்வியோடு போக வேண்டும். கேள்வி இல்லாமல் போனால் கல் கல்லாகத்தான் தெரியும்.

மூன்றாவது, தலைமை பிள்ளைகள் கையில். வழி கேட்பது, பேருந்து எண் பார்ப்பது, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள் என்று விசாரிப்பது, சில்லறை எண்ணிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாம் பின்னால் நடந்தால் போதும்.

நாலாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கும் விடுமுறை வேண்டும். வெளியூர் போனால் அவர்களுக்கு அடுப்பிலிருந்து நாலு நாளாவது விடுதலை. உள்ளூர் விடுமுறை என்ற பெயரில், எல்லோரும் வீட்டில் இருந்துகொண்டு மணிக்கொரு பலகாரம் கேட்டால், அது அம்மாவுக்குக் கூடுதல் வேலை நாள். ஆகவே, குறித்த தேதியில் சமையல் அப்பாவும் பிள்ளைகளும் செய்யட்டும். தயிர்சாதமும் ஊறுகாயும் போதும். சட்டி கழுவுவதும் அவர்களே!

இத்துடன் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது மதுரை. மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஐந்துக்கு மேல் என்ற இரண்டு வேளைதான் வெளியே போக. நடுப்பகலுக்கு வேறு திட்டம் வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

முதல் நாள், பணமே இல்லாத பயணம். நடந்து போகப் போகிறோம். எங்கே? மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி.

"அது தெரிஞ்ச இடம்தானே!" என்கிறீர்கள். தெரியுமா? பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் இருக்கின்றன. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைத் தாண்டினால் ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. சரி, சித்திரைத் திருவிழாவில் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? சித்திரை வீதியிலா? இல்லை! மாசி வீதியில் ஓடுகிறது. சித்திரை மாதத்துத் தேருக்கு மாசி வீதியில் என்ன வேலை?

பாருங்கள், எத்தனை பெரியவர்கள் இப்போது யோசிக்கிறீர்கள்! இங்கே சொல்லப்படும் வரலாறு இது. தேரோட்டம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார். மாதம் மாறியது. வீதி மாறவில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். நாள்தோறும் நடக்கிற வீதி அன்று வேறு வீதியாகத் தெரியும்.

இன்னும் வெளியே வாருங்கள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வரும், கடைசியாக வெளி வீதி. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய நகரத்துக்கு இடம் வேண்டும் என்று அந்தக் கோட்டையை இடிக்க வைத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த நிலத்திலேயே இடம் தந்தார். அந்த வேலையில் துணை நின்றவர்கள்தாம் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். கலெக்டரின் நினைவாக நட்டதுதான், நாம் துணி எடுக்கப் போகும்போது தாண்டிப் போகிற விளக்குத்தூண். கோட்டையின் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். அதைக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

அதே நடையில், மேல மாசி வீதியில் ஒரு வீட்டின் முன்னால் நில்லுங்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, காந்தியடிகள் தம் மேல்சட்டையையும் தொப்பியையும் களைந்து, ஏழை உழவனின் அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில்தான். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் தமுக்கத்துக்குப் போங்கள். அங்கே இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த ஆடை அங்கே இரத்தக் கறையோடு வைக்கப்பட்டிருக்கிறது. முதல் நாள் அந்த வீதியில் நின்ற பிள்ளை, மறுநாள் அந்தத் துணியின் முன்னால் நிற்கும்போது நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தேதிக்கு வருவோம். கீழடி.

சிலைமானைத் தாண்டி, மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இராமேசுவரம் போகிற சாலையில் எத்தனை முறை அந்தத் தென்னந்தோப்புகளைக் கடந்திருப்போம்! 2014-15இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். செங்கல் கட்டுமானம் வந்தது. உறைகிணறு வந்தது. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வந்தன. அங்கே கிடைத்தவற்றில் சில கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். செட்டிநாட்டு வீடு போல, முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே பிள்ளைகளுக்கு என்ன கேள்வி கொடுப்பது? "பழைமை எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அது பெரியவர்களின் சண்டை. பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: "உன்னைப் போன்ற பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தார்களா? இருந்தார்கள் என்றால் அடையாளம் காட்டு."

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! கண்ணாடிப் பெட்டிக்குப் பெட்டி ஓடுவார்கள். சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்கள் இருக்கும். பகடைக்காய்கள் இருக்கும். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த வட்டுச் சில்லுகள் இருக்கும். பாண்டி ஆடும்போது கட்டத்துக்குள் எறிகிறோமே, அதே சில்லு! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் வைகைக் கரையில் ஒரு சிறுமி நொண்டியடித்திருக்கக்கூடும் என்று உங்கள் பேத்தி கண்டுபிடிப்பாள். ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருப்பதையும் தேடச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஓர் உடைந்த தொட்டி ஓட்டை எடுத்து, ஆணியால் தங்கள் பெயரை, அந்தப் பானை ஓடுகளில் இருக்கிற தமிழி எழுத்தில் கீறச் சொல்லுங்கள். அந்த எழுத்துகளை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். பிறகு பாட்டிக்குத் தெரியாமல் இரகசியக் கடிதம் எழுதுவதற்கு அதைவிட நல்ல எழுத்து கிடைக்காது.

கீழடிக்குப் போய்வந்த வாரம் முழுவதும் வீட்டில் ஆட்ட வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு வேலை. பல்லாங்குழி. 14 குழி, புளியங்கொட்டை போதும். தாயக்கட்டை உருட்டுங்கள். அஞ்சாங்கல் பிடியுங்கள். ஆடுபுலி ஆட்டம் ஆடுங்கள். 3 புலி, 15 ஆடு. தரையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால் ஆயிற்று. புலி பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுக்கொன்று அணைவாக நின்று புலியை அசைய விடாமல் அடைத்தால் ஜெயம். வலியவனைப் பலர் சேர்ந்து எப்படி மடக்குவது என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடப்புத்தகம் சொல்லித் தரும்?

மூன்றாவது தேதி. மலை.

மேற்கே போனால் கீழக்குயில்குடி. மதுரையிலிருந்து 10 கிலோமீட்டர் தூரந்தான். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், கருப்பசாமி கோயில். மேலே சமணர் மலை. கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சமணத் துறவிகள் வாழ்ந்து பாடம் சொன்ன இடம். சூரியன் ஏறுவதற்குள் நீங்கள் ஏறிவிட வேண்டும். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை. அதன் ஓரமாக வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. அதைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே உட்கார்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். காது நீண்டிருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று அழைத்துவிட்டார்கள்! குகைக்குள் குனிந்து நுழைந்து மேலே பார்த்தால், சிங்கத்தின் மேல் அமர்ந்த ஒரு பெண் தெய்வம், யானைமேல் வருகிற எதிரியோடு போரிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். படம் எடுக்க வேண்டாம், வரையட்டும். செல்பேசியில் எடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். வரைந்தால் அரை மணி நேரம் அந்தச் சிங்கத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும். படம் கோணலாக வந்தால் வரட்டும். பார்த்ததுதானே கணக்கு!

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப் போங்கள். அந்தப் பாறையில் பெயர் கீறக் கூடாது. ஆயிரம் ஆண்டு தாங்கிய சிற்பத்தின் மேல் இதயப் படம் வரைந்து அம்பு விட்ட மகராசன்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளை அந்தப் பட்டியலில் சேரக் கூடாது.

அடுத்ததற்கு எங்கும் போக வேண்டியதே இல்லை. மொட்டை மாடி போதும். ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். நடுப்பகலில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழும்?

'வடக்கே' என்று பாதிப் பேர் சொல்வீர்கள். மார்கழியில் கேட்டிருந்தால் அது சரி. ஏப்ரல் நடுவில், 16ஆம் தேதியையொட்டி, சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வந்துவிடும். அன்று நிழலே இருக்காது! குச்சி தன் நிழலைத் தன் காலடியில் விழுங்கிவிடும். அது எத்தனை மணிக்கு? பன்னிரண்டுக்கா? இல்லை. ஏறத்தாழ 12 மணி 17 நிமிடத்துக்கு. ஏன் தெரியுமா? இந்தியாவின் பொதுநேரத்தை 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறோம். மதுரை அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் நம் உச்சிக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிறது. ஏப்ரல் நடுவுக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மே நடுவில் ஒரு சாணுக்குக் குறைவான நிழல் தெற்கு நோக்கிக் கிடப்பதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். சென்னையில் அத்தை வீடு இருந்தால், அங்கேயும் ஒரு குச்சி நடச் சொல்லுங்கள். அங்கே நிழலில்லா நாள் ஒரு வாரம் பிந்தி வரும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தொலைபேசியில் கணக்கை ஒப்பிடட்டும். செல்பேசிக்கும் ஓர் உருப்படியான வேலை கிடைத்தது!

அளந்ததும் ஓடி இறங்கி வந்துவிடுங்கள். மாடித் தரை காலைச் சுட்டுவிடும்.

இனி நடுப்பகலுக்கு வருகிறேன். முன்பே சொன்னேன் அல்லவா, அதற்கு வேறு திட்டம் இருக்கிறது என்று. 2023 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில், புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குளிரூட்டிய கட்டடம். பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி. உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்க மதுரையில் அதைவிட நல்ல நிழல் எது? வாரத்துக்கு ஒரு மதியத்தை அதற்கு ஒதுக்குங்கள். பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு புத்தகத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தேர்வில் மட்டும் தயவுசெய்து தலையிடாதீர்கள்!

மற்ற மதியங்களில் வீட்டில் என்ன செய்யலாம்? நுங்கு வாங்குங்கள். தின்று முடித்த கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக் கம்பு ஒன்றைப் பொருத்தினால் நுங்கு வண்டி தயார். காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொம்மைக் காருக்கும் அந்த வேகம் வராது. கூழ் காய்ச்சி வடகம் பிழியுங்கள். காக்கை விரட்டும் பதவிக்கு வீட்டில் போட்டி நடக்கட்டும். அப்புறம், தாத்தாவையும் பாட்டியையும் உட்கார வைத்து ஒரு பேட்டி எடுங்கள். "நீங்க எந்த ஊர்லேருந்து மதுரைக்கு வந்தீங்க? முதல் சம்பளம் எவ்வளவு? வைகையில தண்ணி ஓடி எப்போ குளிச்சீங்க?" அந்தப் பேச்சைப் பதிவு செய்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள். இன்று இது விளையாட்டு. நாளைக்கு உங்கள் குடும்பத்துக்கு அந்தக் குரல் ஒரு சொத்து.

பகலைச் சொன்னேன். இரவை விட முடியுமா? தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில், பிள்ளைகளை எட்டு மணிக்கே தூங்க வைத்தால் ஊருக்குத்தான் அவமானம்! ஓர் இரவு எல்லோருமாக நடந்து போய்ப் பருத்திப்பால் குடியுங்கள். ஜிகர்தண்டா கடையில், பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எந்த வரிசையில் விழுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். மறுநாள் வீட்டில் அவர்களே செய்து பார்க்கட்டும். இன்னொரு நாள் விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போங்கள். இருட்டோடு பறித்த மல்லிகை மொட்டு அங்கே குவியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூ. விலை மணிக்கு மணி ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் நோட்டில் குறிக்கட்டும். அதே பூவை மாலையில் உங்கள் தெருமுனையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்கட்டும். இடையில் எத்தனை கை மாறியது, யாருக்கு எவ்வளவு கிடைத்தது? பொருளாதாரப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் கண்மாயிலும் கல்குவாரிப் பள்ளத்திலும் குளிக்கப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நாம் படிக்கிறோம். கண்மாய்க்குக் கரையோடு போங்கள். பறவை பாருங்கள். சாமநத்தம் கண்மாயில் காலை வேளையில் கொக்கும் நாரையும் பார்க்கலாம். தண்ணீரில் இறங்குவதை மட்டும், பயிற்சியாளர் இருக்கிற நீச்சல் குளத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் கற்க இந்த இரண்டு மாதத்தைவிட நல்ல காலம் கிடையாது.

இத்தனையும் கேட்டுவிட்டுச் சிலர் நினைப்பீர்கள்: "இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே? இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" பொழுது போனாலே பெரிய காரியந்தான். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதற்கு அரிட்டாபட்டியைச் சொன்னால் போதும்.

மேலூர்ப் பக்கம், நம் வட்டத்தின் ஓரத்தில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சிற்றூர். சுற்றிலும் ஏழு குன்றுகள். பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் அங்கே உண்டு. சுனைகளும் கண்மாய்களும் நிறைய. இராசாளி போன்ற வேட்டைப் பறவைகள் அந்தப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. அங்கே 250 வகை வரைக்கும் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஒன்றிய அரசு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஊர் சும்மா இருந்ததா? கிராமத்துக்குக் கிராமம் கூடினார்கள். சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தே வந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் இரத்தானது.

எப்படி நடந்தது இது? அந்த மக்களுக்குத் தங்கள் மலை தெரிந்திருந்தது. எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது, எந்த இடுக்கில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று தெரிந்திருந்தது. பறவைகளைப் பட்டியல் போட்டவர்களும் கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்களும் அவர்களோடு நின்றார்கள். தெரிந்ததால் எதை இழக்கப் போகிறோம் என்று புரிந்தது. புரிந்ததால் நடந்தார்கள். தங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்களாக இருந்திருந்தால் நடந்திருப்பார்களா? சொல்லுங்கள்!

அதனால்தான் சொல்கிறேன். இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைக்கு ஒரு மலையைக் காட்டினால், அந்த மலைக்கு ஒரு காவலாள் கூடுகிறான். ஒரு கண்மாயைக் காட்டினால் அதில் குப்பை கொட்ட வருகிற லாரியை நாளைக்கு அவள் கேள்வி கேட்பாள்.

வெளியூர் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இருந்தால் போய் வாருங்கள். மலையும் கடலும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் வசதி இல்லாத வருஷத்தை வீண் வருஷம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் செலவே இல்லை. மற்றவற்றுக்கு டவுன் பஸ் கட்டணமும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் கட்டுச்சோறும் போதும். குறைவது பணம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் குறைவது பெரியவர்களின் நேரந்தான். பிள்ளைகள் நம்மிடம் கேட்பதும் அதைத்தான்.

ஆகவே, முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நாள்காட்டியைச் சுற்றி உட்காருங்கள். பிள்ளைகள் கையில் பேனாவைக் கொடுங்கள். வீதிக்கு ஒரு நாள், கீழடிக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள், அம்மா அடுப்படிப் பக்கமே போகாத நாள் ஒன்று என்று நாலு தேதிகளுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். யார் கூப்பிட்டாலும், எந்த வேலை வந்தாலும், அந்த நாலு நாளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேதி குறியுங்கள். பிள்ளைகளை முன்னால் நடக்க விடுங்கள்.